இரண்டு சொட்டு எண்ணெய்

தமிழரசியின் தொலைபேசி அழைப்பு வந்தபோது காலை ஒன்பது மணி. என் கையில் எலி முட்டியின் ஸ்லைடு ஒன்று இருந்தது. அதில் உள்ளதை அவளுடைய அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடலாமா, இன்னொரு முறை சரிபார்த்துவிட்டுச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "அப்பா போயிட்டாரு சார். நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்குறோம்" என்றாள். அவள் அழவில்லை. நான் ஸ்லைடைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

அவளுடைய அப்பா, நம் ஆய்வகத்தில் எலி அறையைப் பார்த்துக்கொண்ட கலியபெருமாளை நீங்கள் எல்லோரும் வராந்தாவில் பார்த்திருப்பீர்கள். காக்கிச் சட்டை, காதில் செருகிய பென்சில், வலது காலை வெளிப்பக்கமாக வீசி வைக்கும் நடை. அந்த நடையை உங்களில் சிலர் கிண்டல் செய்தது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மூலக்குளத்துக்காரர். மில்லில் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடும் வேலை பார்த்து, மில் மூடியதும் இங்கே வந்தவர். வந்த முதல் நாளே மில்லிலிருந்து கொண்டுவந்த சின்ன ஆயில் கேனை எலி அறை ஜன்னலில் வைத்தார். "எலிக்கு எதுக்குங்க எண்ணெய்?" என்று கேட்டேன். "கதவு இருக்குதே சார்" என்றார்.

எலிகளுக்கு எண்தான் உண்டு, பெயர் வைக்கக் கூடாது என்பது விதி. அவர் அந்த விதியை என் காதுக்கு மட்டும் கேட்கும்படி மீறுவார். சக்கரத்தில் ஏறாமல் மூலையில் உட்கார்ந்து தின்றுகொண்டே இருந்த ஒன்றுக்கு முசியே என்று பெயர், பிரெஞ்சில் 'ஐயா'. "பாருங்க, பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்குறவரு கணக்கா உக்காந்திருக்காரு" என்பார்.

நாங்கள் செய்த ஆராய்ச்சியை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு மரபணு மாறிய எலிகள் ஒரு பக்கம், சாதாரண எலிகள் இன்னொரு பக்கம். கூண்டுக்குள் ஓடுவதற்குச் சக்கரம். அது எத்தனை சுற்று சுற்றியது என்று காட்ட, சைக்கிள் கடையில் வாங்கிய மீட்டர். மரபணு மாறியவற்றுக்கு மூட்டுக் குருத்தெலும்பு பிறவியிலேயே பலவீனம். அவை எவ்வளவு ஓடும், ஓடினால் முட்டி தேயுமா, சும்மா இருந்தால் தப்புமா என்பதுதான் கேள்வி. எனக்கு அது ஆராய்ச்சி, கலியபெருமாளுக்கு வீட்டு விஷயம். அவருடைய அப்பா நாற்பத்தைந்தில் படுக்கையில் விழுந்தவர். அக்கா உட்கார்ந்தபடியே நகர்கிறவர். அவருக்கும் முட்டி போய்விட்டது. தமிழரசி அப்போது லாஸ்பேட்டையில் கல்லூரியில் படித்தாள். எண்ணூறு மீட்டரில் அவளை முந்த அந்தக் கல்லூரியில் ஆள் இல்லை. "ஓடவிடலாமா, நிறுத்தணுமா? எலிங்க என்ன சொல்லுதுங்கன்னு எனக்கு மொதல்ல சொல்லிடுங்க சார்" என்று கேட்டிருந்தார்.

முதல் எலிக் கூட்டத்தின் முடிவு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பலவீனமான எலிகளின் மீட்டர்கள் மற்றவற்றுக்குச் சமமாகக் காட்டின. முட்டிகளோ வழவழவென்று இருந்தன. இத்தனை ஓடியும் தேயவில்லை! நேரே எலி அறைக்குப் போய், "பொண்ணை ஓடவிடுங்க" என்றேன். எலிக்கும் மனுஷிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று வருடா வருடம் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். அன்றைக்கு அந்தப் பாடம் எங்கே போனதோ. அவர் மசால் வடை வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார், நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள்.

அடுத்த கூட்டத்துக்காகக் கூண்டுகளைக் கழுவி மாட்டும்போதுதான் தெரிந்தது. பலவீனமான எலிகளின் சக்கரத்தை விரலால் தட்டினால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. மற்ற சக்கரங்கள் இரண்டு சுற்றில் நின்றன. கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "அதுங்க ஏற முடியாம ஏறுதுங்க சார். பார்க்க முடியல. ரெண்டு சொட்டு விட்டேன். மத்ததுங்க தானா ஓடிக்கும்." எலி ஒரு மிதி மிதித்துவிட்டு இறங்கிய பிறகும் சக்கரம் சுற்றியிருக்கிறது, மீட்டர் அதையும் ஓட்டம் என்று எண்ணியிருக்கிறது. உண்மையில் அவை ஓடவே இல்லை. போதாக்குறைக்கு, தேய்மானம் தெரிவதற்கு முன்பே, இளம் வயதிலேயே முட்டியை எடுத்துப் பார்த்தது என் தப்பு. ஆனால் கத்தியது அவரிடம்தான். எட்டு மாத உழைப்பைக் குட்டிச்சுவர் ஆக்கிவிட்டீர்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "அப்ப தமிழரசி?" என்று மட்டும் கேட்டார்.

அன்றே போய் அவளை நிறுத்தச் சொன்னார். "அன்னைக்கு ஓடுன்ன, இன்னைக்கு நில்லுன்ற" என்று சொல்லிவிட்டு அவள் மைதானத்துக்குக் கிளம்பிவிட்டாளாம். அடுத்த வருடம் இடது முட்டி வீங்கியது. அதற்கடுத்த மழைக்காலத்தில் கையில் தடி. இருபத்தொரு வயது. தண்ணீர் பாட்டில்களைக் கழுவிக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "எண்ணெய் விட்டது நான். ஓடச் சொன்னது நீங்க. ரெண்டு பேருமே நல்லதுதான் நெனச்சோம்." அதில் குறை சொல்லும் குரல் இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதன் பிறகு அவர் ஆயில் கேனைத் தொடவில்லை. எலி அறைக் கதவு கீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டாவது கூட்டத்தை, எண்ணெய் இல்லாமல், கிழடாகும்வரை வளர்த்தோம். பாதிக்குச் சக்கரம் உண்டு, பாதிக்கு இல்லை. பலவீனமானவை கொஞ்சம் ஓடிவிட்டு மூச்சு வாங்கி உட்கார்ந்தன. கடைசியில் பார்த்தால் ஓடியவற்றின் முட்டியும் தேய்ந்திருந்தது, சக்கரத்தையே பார்க்காதவற்றின் முட்டியும் அதே அளவு தேய்ந்திருந்தது. ஓட்டம் எதையும் கெடுக்கவில்லை, எதையும் காக்கவும் இல்லை. இந்த முடிவு என் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. முதல் தடவை அவசரப்பட்டுச் சூடு பட்டவன் என்பதால், எல்லா ஸ்லைடையும் மறுபடி பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். தினமும் காலையில் "இன்னும் வரலையா சார்?" என்பார். "வருது, வருது" என்பேன்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் அவர்கள் வீட்டு வாசலில் தமிழரசியிடம் அந்த முடிவைச் சொன்னேன். எனக்கு எலியைப் பற்றித்தான் தெரியும், உன்னைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தடியை ஊன்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப, ஓடாம இருந்திருந்தாலும் எனக்கு இப்படித்தான் ஆகியிருக்குமா?"

"எலிங்கள்ல அப்படித்தான் ஆச்சு."

"அப்பாகிட்ட சொன்னீங்களா சார்?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"தினம் என் முட்டிக்குத் தைலம் தேய்ச்சிக்கிட்டே, நான்தாம்மா கெடுத்துட்டேன், நான்தாம்மா கெடுத்துட்டேன்னு சொல்லுவாரு" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஆயில் கேன் இப்போது என் மேசையில் இருக்கிறது. இன்னும் பாதி எண்ணெய் இருக்கிறது. ஆனால் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது இல்லை. "இன்னும் வரலையா சார்?" என்ற கேள்விதான். வந்துவிட்டது, கலியபெருமாள். மூன்று வாரமாக என்னிடம்தான் இருந்தது.