கனகபுரா காட்டில் நின்ற வேன்

ஜி.பி.எஸ். மாட்டும் தொழிலில் வானத்தில் சுற்றும் சாட்டிலைட் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. மக்கர் எல்லாம் தரையிலிருந்து முழ உயரத்துக்குள், கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கத்தில்தான்.

மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, எந்த வயர் எந்த ஓட்டைக்கு என்று தடவிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் மேலே படியுங்கள். இல்லாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களும் படிக்கலாம்.

வருஷம் இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தேன். புதிதாக வந்த டி.வி.க்கள் ரிப்பேர் ஆவதை நிறுத்திவிட்டன. அப்போதுதான் சிவண்ணா கூப்பிட்டார். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன்கள் அவருடையவை. கன்னடக்காரர், ஆனால் தமிழில் என்னைவிட நன்றாகத் திட்டுவார். தொழிற்சாலை புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருந்தது: வண்டிகள் ஓடுவது கம்ப்யூட்டர் வரைபடத்தில் அப்போதைக்கப்போது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த காண்ட்ராக்ட் கிடையாது. "அஞ்சு வண்டியில செஞ்சு காட்டு குரு. கம்பெனிக்காரன் தலையாட்டினா என் எல்லா வண்டியும் உனக்கு. ஆட்டலேன்னா டீ குடிச்சிட்டுப் போயிட்டே இரு" என்றார். நான் கடையைக் காலி செய்து சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட்டேன். இந்த ஆர்டர் வந்தால் எனக்கு ஒரு தொழில். வராவிட்டால் இன்னொருவன் கடையில் ஒரு ஸ்டூல்.

பதினோராம் நம்பர் ஓட்டை

இருக்கும் இடத்தைச் சாட்டிலைட்டிடம் கேட்டுச் சொல்லும் ரிசீவர் என்பது உளுந்து வடை அளவுக்கு ஒரு கறுப்பு வில்லை. அடியில் காந்தம், பின்னால் நீளமாக வால் போல ஒரு வயர். அதனால் எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் 'மவுஸ்'. சிவண்ணா வாயில் அது நேராக 'எலி' ஆகிவிட்டது. அதன் வால் நுனியில் ஒன்பது ஊசி பிளக். நான் வாங்கியிருந்த லேப்டாப்பிலோ ஒன்பது ஊசிக்கு ஓட்டையே இல்லை. எஸ்.பி. ரோட்டில் ஒரு பாய் கடையில், யு.எஸ்.பி.யில் சொருகும் மாற்றுக் கேபிளைப் பேரம் பேசி, இரண்டு முறை கடையை விட்டு இறங்கிப் போய், மூன்றாம் முறை அவர் கூப்பிட்ட பிறகு, சொன்ன விலையில் பாதிக்கு வாங்கினேன்.

வீட்டில் சொருகினால் கம்ப்யூட்டர் அதற்குப் பதினோராம் நம்பர் போர்ட் என்று பெயர் வைத்தது. என் வரைபட மென்பொருளுக்கு எட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தேன், எட்டோடு சரி. மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், நாலு கடைக்குக் கேட்கும்படி சத்தம் போட்டேன். பாய் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார், எங்கெங்கோ போனார், பதினொன்றை நாலு ஆக்கினார். என் மென்பொருள் உடனே விழித்துக்கொண்டது. திருப்பித் தரும்போது மட்டும் கேட்டார்:

"அரே பாய், கேபிளுக்குப் பேரம் பேசினே, சரி. நம்பர் மாத்திக் குடுத்தது ஃப்ரீ. அதுலயும் பாதி கொறைக்கணுமா?"

எலி எலியானது

தொழிற்சாலையில் இதையெல்லாம் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் அட்மின் மேனேஜர் சுந்தரராஜன். மகாராஜா காலத்திலேயே உத்தியோகத்துக்காக இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம். வேலையாட்களைக் கன்னடத்தில் அதட்டுவார், வீட்டுக்குப் போனில் தமிழில் பணிவார். அவர் அறையில் ஜன்னலோரம் எலியை வைத்து, சொருகி, கம்பீரமாக லேப்டாப்பைத் தட்டி எழுப்பினேன்.

திரையில் அம்புக்குறி தானாகக் கிளம்பியது. மேலே பாய்ந்தது, கீழே விழுந்தது, கண்ட இடத்தில் கிளிக் செய்தது. யாரும் தொடாமலே ஒரு விளையாட்டு திறந்துகொண்டது, என் தங்கை மகளின் பிறந்தநாள் போட்டோ பெரிதாக விரிந்தது. சொருகியபடியே கம்ப்யூட்டரை ஆன் செய்தால், ரிசீவர் விடாமல் அனுப்பும் எண்களைப் பார்த்துவிட்டு, "ஓகோ, இது கையில் பிடிக்கும் மவுஸ்" என்று விண்டோஸ் முடிவு கட்டிவிடும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பட்டியலில் அந்தப் பொய் மவுஸைத் தேடி முடக்கிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அன்று என் கையில் இருந்த நிஜ மவுஸை மேஜையில் ஓங்கிக் குத்தியதுதான் நான் செய்த ஒரே வைத்தியம். சிவண்ணா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுந்தரராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"வண்டி ஓடறதைக் காட்டச் சொன்னா, அம்பு ஓடறதைக் காட்றீங்களே சார். ஆயுத பூஜை முடிஞ்சு வாங்க, ஒரு சான்ஸ் தரேன். ஒண்ணே ஒண்ணு."

காட்டு பிரியாணி

அடுத்து, ஐந்து வேன்களிலும் பெட்டி மாட்டினேன். பெட்டிக்குள் மொபைல் சிம் இருக்கும். எலி சொல்லும் இடத்தை எஸ்.எம்.எஸ்.ஸாக சிவண்ணாவின் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அங்கே வரைபடத்தில் புள்ளி நகரும். முதல் நாள் நானும் சிவண்ணாவும் திரை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மூன்றாம் நம்பர் வேன், டிரைவர் முனிரத்தினம், சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்க வேண்டிய நேரம். புள்ளி கனகபுராவைத் தாண்டி, ரோடே இல்லாத காட்டுக்குள் நின்றது.

சிவண்ணா என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. போனை எடுத்தார். "எல்லப்பா இதியா, எங்கே இருக்கே? சிவாஜிநகரா? பொய் சொல்லாதே! கம்ப்யூட்டர் சொல்லுது, நீ காட்டுல இருக்கே! மரம் வெட்டிக் கடத்துறியா? சாவியை வெச்சிட்டு வீட்டுக்குப் போ!" நான் கையைப் பிடித்து நிறுத்துவதற்குள் போனை வைத்துவிட்டார். பெங்களூர் இருப்பது பன்னிரண்டு டிகிரி, ஐம்பத்தெட்டு நிமிடத்துக்குப் பக்கத்தில். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம், கடிகாரம் மாதிரி. எலியை லேப்டாப்பில் நேராகச் சொருகினால் மென்பொருளே அதைப் புரிந்துகொள்ளும். எஸ்.எம்.எஸ்.ஸில் வரும்போது நிமிடக் கணக்கா, தசமக் கணக்கா என்று நாம்தான் திரையில் ஒரு கட்டத்துக்குள் டிக் போட வேண்டும். டிக் இடம் மாறியிருந்தது. மென்பொருள் ஐம்பத்தெட்டு நிமிடத்தைப் புள்ளி ஐந்து எட்டு என்று வாசித்து, ஊரையே தூக்கித் தெற்கே காட்டில் போட்டுவிட்டது. டிக்கை மாற்றியதும் வேன் ஒரே தாவலில் சிவாஜிநகருக்கு வந்து நின்றது.

அரை மணியில் முனிரத்தினம் ஆபீஸுக்குள் வந்தார். ஒரு கையில் வேன் சாவி, மறு கையில் சிவாஜிநகர் ஓட்டல் பார்சல். இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டு என்னைத்தான் பார்த்தார்:

"அண்ணே, பிரியாணி சூடா இருக்குது பாருங்க. காட்டுல எந்தக் கரடி ஓட்டல்ல வாங்கினேன்னு உங்க பொட்டி சொல்லுச்சா?"

வெயில்

கொஞ்ச நாளில் டிரைவர்களுக்குப் பெட்டியின் குணம் புரிந்துவிட்டது. இரண்டாம் நம்பர் வேன் தினமும் மத்தியானம் மடிவாளா சிக்னலில் உறைந்து நிற்கும். பிறகு திடீரென்று எலக்ட்ரானிக் சிட்டியில் முளைக்கும். வயரை மாற்றினேன், எலியை மாற்றினேன், சிம்மை மாற்றினேன். ஒருநாள் நானே மடிவாளாவில் காத்திருந்து வண்டியை மறித்து ஏறினேன். முன்கண்ணாடி ஓரம் எலியைக் காணோம். அதன் மேல் எவர்சில்வர் டிபன் மூடி கவிழ்த்துவைக்கப்பட்டிருந்தது. வானமே தெரியாமல் அது எந்த சாட்டிலைட்டைப் பிடிக்கும்? நான் தொண்டை கிழியக் கத்தினேன். டிரைவர் முகத்தில் அத்தனை இரக்கம்:

"நாள் பூரா வெயில்ல கெடந்து காயுதே அண்ணே, அதுவும் பாவம்தானேன்னு மூடி வெச்சேன்."

பொட்டு வைத்த பெட்டிகள்

ஆயுத பூஜை வந்தது. சிவண்ணாவின் ஷெட்டில் வேன்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். எனக்கும் பொரியும் பழமும் கொடுத்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் ஸ்பானர், ஜாக்கி, காற்றடிக்கும் குழாய் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. வரிசையின் கடைசியில் என் ஐந்து பெட்டிகள், வாலைச் சுருட்டிக்கொண்டு, நெற்றியில் பொட்டோடு. கழுவும்போது தண்ணீர் படக் கூடாதே என்று கழற்றினார்களாம். கழற்றியதுதான் கழற்றியாயிற்று, அதுவும் ஆயுதம்தானே என்று பூஜையில் வைத்தார்களாம்.

பூஜை முடிந்து ஆளுக்கொரு பெட்டியை எடுத்து வண்டியில் மாட்டிக்கொண்டார்கள். எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டி. எது எந்த வண்டியுடையது என்று யாருக்குத் தெரியும்? மறுநாள் திரையில் ஒன்றாம் நம்பர் வேன் நாலாம் நம்பர் ரூட்டில் ஓடியது, நாலு இரண்டின் ரூட்டில். சிவண்ணா போனில் ஒவ்வொரு டிரைவரையும் வேறொருவன் செய்த காரியத்துக்காகத் திட்டித் தீர்த்தார். நான் ஷெட்டுக்கு ஓடி, இணைப்புக்குள் போயிருந்த குங்குமத்தைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, சிம் நம்பர் பார்த்து ஒவ்வொன்றையும் அதனதன் வண்டியில் மாட்டி, வண்டி நம்பரைச் சிவப்புப் பெயின்டில் பெட்டி மேல் எழுதினேன். பூஜை செய்து பெட்டிகளைக் குழப்பியது நீங்கள்தான் என்று சிவண்ணாவிடம் கத்தினேன். அவர் பொரியை மென்றுகொண்டே கேட்டார்:

"அதே பூஜைதானே குரு ஸ்பானருக்கும் பண்ணினோம், ஸ்பானர் பேரு மாறுச்சா?"

கெட்டிமேளம்

சுந்தரராஜன் கொடுத்த அந்த ஒரே ஒரு சான்ஸ் நாள் வந்தது. போர்ட் சரி, அம்பு அடங்கியிருந்தது, டிக் சரியான கட்டத்தில். காலை ஷிப்டை இறக்கிவிட்ட வேன்கள், அடுத்த ஷிப்ட் வரை தொழிற்சாலை வளாகத்திலேயே நிற்க வேண்டும் என்பது காண்ட்ராக்ட். யாருக்காவது கையில் அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வண்டி வேண்டுமே. திரையில் ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து நான்கும் பொம்மசந்திராவில் வரிசையாக நின்றன. மூன்று மட்டும் பனசங்கரியில் இருந்தது.

"மூணாம் நம்பர் அங்கே என்ன பண்றது?" என்றார் சுந்தரராஜன். சிவண்ணா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பூஜையில பெட்டி மாறிப்போச்சு சார். மெஷின்தானே, தப்பாக் காட்டுது" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினார். ஆமாம் என்றால் என் பெட்டி பொய் சொல்கிறது, ஆர்டர் இல்லை. இல்லை என்றால் சிவண்ணா பொய் சொல்கிறார், அப்போதும் ஆர்டர் இல்லை. எந்தப் பக்கம் பேரம் பேசினாலும் நஷ்டம் எனக்குத்தான். நிதானமாக யோசித்திருந்தால் ஏதாவது மழுப்பியிருப்பேன். ஆனால் இத்தனை மாதம் சரிசெய்து சரிசெய்து ஒழுங்காக நிற்கும் பெட்டியைப் பார்த்து, நல்ல நாளில், "தப்பாக் காட்டுது" என்றால் எப்படி? "பெட்டி சரி சார்! வண்டிதான் தப்பு! சந்தேகம்னா ஜன்னலைத் திறந்து எண்ணிப் பாருங்க!" என்று கத்திவிட்டேன்.

சுந்தரராஜன் ஜன்னல் வழியாக எண்ணினார். நாலுதான் இருந்தது. மேஜை போனில் ஸ்பீக்கரைப் போட்டு முனிரத்தினத்தைக் கூப்பிட்டார். "டீசல் போட வந்தேன் சார்" என்றது முனிரத்தினத்தின் குரல். அதற்குப் பின்னால் நாதஸ்வரமும், யாரோ "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று கூவுவதும், அதைத் தொடர்ந்து மேளமும் அறை முழுக்கக் கேட்டன. சுந்தரராஜன் மரியாதையாக மேளம் அடங்கும்வரை காத்திருந்தார். "தாலி ஏறியாச்சாப்பா? அப்ப டீசலைப் போட்டுட்டு வா" என்று போனை வைத்தார்.

மணமகன் சிவண்ணாவின் மைத்துனன். பெண் வீட்டாரை அழைத்து வர முனிரத்தினத்தை அனுப்பியதே சிவண்ணாதான். அத்தனை வேன்கள் அந்த வட்டாரத்தில் வேறு யாரிடமும் இல்லை என்பதால் காண்ட்ராக்ட் தப்பியது. ஆனால் சுந்தரராஜன் ஒரு வரி சேர்த்தார்: ஒரு வண்டி விடாமல் எல்லாவற்றிலும் பெட்டி, திரை தொழிற்சாலையில், தன் மேஜை மேல். ஆர்டர் எனக்குக் கிடைத்துவிட்டது, நான் நினைத்திருந்த ஆளிடமிருந்து அல்ல என்றாலும். படியிறங்கும்போது, சிவண்ணா இனி என்னிடம் பேசவே மாட்டார் என்று நினைத்தேன். வாசலில் நின்று என் தோளில் கை போட்டார்:

"மாட்டு குரு, எல்லா வண்டிக்கும் மாட்டு. எனக்கு மட்டும் தெரியற மாதிரி ஒரு ஸ்விட்ச் வெச்சுக் குடு, முகூர்த்த நாள்ல அணைக்கிறதுக்கு."

அடுத்தவன் நிற்கும் இடத்தைக் காட்டினால் துல்லியம், நாம் நிற்கும் இடத்தைக் காட்டினால் ரிப்பேர்: இந்தக் கருவியில் இன்றுவரை என்னால் சரிசெய்ய முடியாத கோளாறு இது ஒன்றுதான்.