பதினொரு ஒன்றுகள்

என் தம்பி உருத்திரமூர்த்தியின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சிடும் இந்த மலரின் முதற்பக்கத்தில் அவன் பிறந்த ஊரும் படித்த பள்ளிக்கூடமும் வந்துவிட்டன. அவன் செய்துகொண்டிருந்த வேலையை யாரும் எழுதவில்லை. நான் சொல்வது உணவகத்தில் கோப்பை கழுவியதை அல்ல. அது எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போனவன் மூர்த்தி ஒருவன்தான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இரண்டாம் வருடத்தில் கணிதப் படிப்பை விட்டுவிட்டு 1992 இல் பேர்லினுக்கு என்னிடம் வந்தான். வேலை செய்ய அனுமதி கிடைக்காத அந்தக் காலத்தில்தான் பதினொரு ஒன்றுகளை வரிசையாக எழுதினான்: 11111111111.

"மூண்டு ஒண்டு எழுதினா முப்பத்தேழால பிரியும், அக்கா. ஏழு ஒண்டு எண்டா இருநூற்று முப்பத்தொன்பதால பிரியும். பதினொரு ஒண்டு எதால பிரியும்? இல்லாட்டிப் பிரியாதோ?"

"கண்டுபிடிச்சா விசா தருவாங்களோ?"

சிரித்தான். பிறகு சொன்னான்: "எத்தினையைக் குறையில விட்டிட்டன். இதையாவது முடிக்கவேணும்."

அந்த எண்ணைப் பிரிக்கும் முதன்மை எண் எதுவானாலும், அதை இருபத்திரண்டால் பிரித்தால் மீதி ஒன்று வருமாம். அதனால் இருபத்திரண்டு இருபத்திரண்டாகக் கூட்டிக்கொண்டு போவான். வருவதில் வேறெதாலும் பிரியாத முதன்மை எண்களை மட்டும் எடுத்து, அவற்றால் பதினொரு ஒன்றுகளைப் பிரித்துப் பார்ப்பான். கையால்தான். வீட்டுக் கல்குலேட்டரில் எட்டு இலக்கத்துக்கு மேல் கொள்ளாது. வேலை கிடைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், ஒவ்வொன்றையும் இரண்டு தரம்.

பான் நகரப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் சின்னம்மாவின் மகன் மதீசன் ஒருமுறை வந்திருந்தான். "அண்ணை, கொம்பியூட்டர்ல போட்டா உடனே..." என்று தொடங்கினான்.

"தம்பி, விடையைச் சொன்னீரோ, இந்த வீட்டில உமக்கு இனிச் சோறில்லை," என்றான் மூர்த்தி.

மதீசன் சோற்றில் மீன்குழம்பை ஊற்றினான்.

இந்த வருடம் மூர்த்தியின் இருதய வால்வு பழுதாகிவிட்டது என்றார்கள். ஒப்பரேசனுக்கு முதல்நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கணக்குப் போட்டான். நான் போனபோது பென்சிலை வைத்துவிட்டு, "21517 உம் சரிவரேல்லை, அக்கா. அடுத்ததை ஒப்பரேசன் முடிய பாப்பம்," என்றான்.

ஒப்பரேசன் மேசையிலிருந்து அவன் திரும்பவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த மதீசனைக் கூப்பிட்டுக் கேட்டேன்: "இனி நீர் சொல்லலாம். பிரியுமோ?"

"ஓம் அக்கா, பிரியும்."

"எதாலயெண்டு சொல்லாதையும்."

மூர்த்தி விட்ட இடத்திலிருந்து நான் கூட்டினேன். 21539 ஏழால் பிரிந்தது. 21561 மூன்றால். 21583 இல் கனநேரம் மினக்கெட்டேன். கடைசியில் நூற்றுப் பதின்மூன்றால் பிரிந்தது. 21605 ஐந்தால், 21627 மூன்றால். அடுத்தது 21649. அதைப் பிரிக்க எதுவும் அகப்படவில்லை. பதினொரு ஒன்றுகளையும் எழுதி, அதனால் பிரித்துப் பார்த்தேன். மீதி வரவில்லை. நம்பாமல், அவன் செய்வதுபோல் இரண்டாம் தரமும் பிரித்தேன்.

அவன் பிரித்துப் பார்க்க வைத்திருந்த அடுத்த எண் அதுதான். ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்திருக்கும்.

அச்சகத்தில் சொல்லி, அவன் படத்தின் கீழே தேவாரத்துக்கு முன்னால் இந்த ஒரு வரியைப் போடச் சொன்னேன். அவன் முடிக்க நினைத்தது முடிந்துதான் அச்சேறவேண்டும்.

21649 × 513239 = 11111111111

அக்கா யோகம்
நொய்கெல்ன், பேர்லின், 1996