நூற்று எண்பத்து மூன்றாம் நாள்

சாவி செய்யும் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஒரு மின்விசிறியும் மூன்று நாற்காலியும் உள்ள அறையில் காலண்டர் மேடத்தின் ராஜ்ஜியம் நடந்தது. அந்தப் பெயரை வாடிக்கையாளர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். அவள் காதுக்கு வந்தபோது, "உள்ளதைத்தானே சொல்றாங்க" என்று விட்டுவிட்டாள். சுவர் முழுக்க அவள் கையால் கோடு போட்ட வருஷத் தாள்கள். ஆளுக்கு ஒரு தாள், தாளுக்குப் பன்னிரண்டு மாதம். ஊரில் இருந்த நாளுக்குச் சிவப்புப் பென்சில், வெளிநாட்டில் இருந்த நாளுக்கு நீலம்.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு வருமான வரிப் படிவம் எழுதித் தருவதுதான் அவள் பிழைப்பு. அதில் முக்கால்வாசி வேலை நாள் எண்ணுவது. ஜனவரி முதல் டிசம்பர் வரையுள்ள ஒரு வருஷத்தில் நூற்று எண்பத்திரண்டு நாள் வரை சொந்த நாட்டில் தங்கினால் நீங்கள் விருந்தாளி. ஒரு நாள் கூடிவிட்டால் நீங்கள் இந்த ஊர்க்காரர் என்று சட்டம் தோளில் கை போட்டுவிடும். அங்கே வாங்கிய சம்பளம், அங்கே விற்ற கிரிப்டோ என்னும் இணைய நாணயம், எல்லாவற்றிலும் பங்கு கேட்கும். பாசம் இப்படிப் பொங்குவதை வேறெங்கும் பார்க்க முடியாது.

கிரிப்டோக்காரர்கள் அவள் உயிரை வாங்கினார்கள். ஒருவர் ஒரே வருஷத்தில் ஒரு காயினைக் கொடுத்து இன்னொரு காயின் வாங்குவதை நானூறு தடவை செய்துவிட்டு, "நான் எதையும் விக்கவே இல்லையே மேடம், மாத்தத்தானே செஞ்சேன்" என்றார், பால் மணம் மாறாத முகத்தோடு.

"மாத்தினாலும் வித்த கணக்குதான் சார்."

"நானூறு தடவையுமா?"

"நானூறு தடவையும்."

அவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

பதினெட்டு வருஷம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் அவள். கிளையை மூடியபோது கையில் கிடைத்த பணத்தில் இந்த அறையைப் பிடித்தாள். முதல் ஆளாக வந்தவர் ஒரு கப்பல் சமையல்காரர். விமானம் நள்ளிரவுக்கு இருபது நிமிஷம் முன்னால் தரையிறங்கியதால் ஒரு முழு நாள் கணக்கில் ஏறி, வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வாங்கியவர். அன்றிலிருந்து அவள் யார் வாய்ச்சொல்லையும் நம்புவதில்லை. பாஸ்போர்ட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நகல் கேட்பாள். பதினோரு வருஷமாக ஒரு நாள்கூடப் பிசகியதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. அவள் கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். "நான் தண்ணியை எண்றேன், இவ மனுஷங்களை எண்றா. வீட்டுல பேசத்தான் ஆளில்லை" என்பார் அவர்.

அந்த வருஷம் அவளிடம் ஒரு பொறியாளர் இருந்தார். நேரில் பார்த்ததில்லை; எல்லாம் ஃபோனில்தான். வெளிநாட்டில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். எட்டு வருஷமாகச் சேர்த்து வைத்த கிரிப்டோவை ஜனவரியில் விற்று, வீடு வாங்க முன்பணம் திரட்டியிருந்தார். அந்த நாட்டில் அத்தனை வருஷம் வைத்திருந்து விற்றதற்கு வரி கிடையாது. இங்கேயோ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நூற்று எண்பத்திரண்டைத் தாண்டாதவரை கவலை இல்லை.

ஆனால் மே மாதம் அவர் அம்மா குளியலறையில் விழுந்தார். தலையில் ரத்தக் கசிவு. எங்கிருந்தும் பார்க்கக்கூடிய வேலை என்பதால் பொறியாளர் மடிக்கணினியோடு வந்து இறங்கினார். ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி என்று மாதங்கள் ஓடின. அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது. மகன் குரல் கேட்டால் மட்டும் வலது கை விரல்கள் போர்வையைத் தேடும். டாக்டர், "பத்து நாளும் ஆகலாம், பத்து மாசமும் ஆகலாம்" என்றார்.

அக்டோபரில் பொறியாளரின் ஃபோன் தினமும் வர ஆரம்பித்தது.

"வியாழக்கிழமை கண்டிப்பா கிளம்பணுமா மேடம்?"

"கிளம்பற நாளையும் சேர்த்தா அன்னிக்கு நூத்து எண்பத்திரண்டு சார். வெள்ளி காலைல நீங்க இங்க இருந்தா எல்லாம் போச்சு."

"ஒரு நாள்கூட..."

"அரை நாள்கூட இல்லை."

"அக்கா நான் பாத்துக்கறேன்னுதான் சொல்றா." குரலை இறக்கினார். "அம்மா கண்ணைத் திறந்தா என்னைத்தான் தேடறாங்க. நான் போறேன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மாவை மனதில் வைத்துச் சட்டத்தை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. "டிக்கெட்டை மாத்திடாதீங்க சார்" என்று மட்டும் சொன்னாள். ஃபோனை வைத்த பிறகு தன் மேலேயே எரிச்சல் வந்தது.

வியாழக்கிழமை வந்தது. மூன்றரை மணிக்கு விமானம். பன்னிரண்டு மணிக்கு அவருடைய கோப்பை முடித்து வைக்கலாம் என்று நகல்களை வரிசையாக அடுக்கினாள். பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு பெரிய விசா, அதன் ஓரத்தில் மங்கலாக ஏதோ. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தாள். இரண்டு முத்திரைகள். ஏப்ரல் பதினான்கு, வருகை. ஏப்ரல் பதினைந்து, புறப்பாடு.

ஏப்ரலில் ஒரு பயிற்சிக்காக வேறு நாட்டுக்குப் போனபோது, "இங்க சும்மா பிளேன் மாறினேன் மேடம், ஊருக்குள்ள வரவே இல்லை" என்று அவர் சொல்லியிருந்தார். பொய் இல்லை. தனித்தனியாக எடுத்த டிக்கெட். பெட்டியை வாங்க இமிக்ரேஷனைத் தாண்டி வெளியே வந்திருக்கிறார், திரும்ப உள்ளே போயிருக்கிறார். நாலு மணி நேரம்தான், ஆனால் நடுவில் நள்ளிரவு. சட்டத்துக்கு அது இரண்டு நாள். யார் வாய்ச்சொல்லையும் நம்பாதவள் இவர் வாய்ச்சொல்லை நம்பி அந்த இரண்டு கட்டத்துக்கும் நீலம் தீட்டியிருந்தாள்.

எண்ணினாள். திரும்ப எண்ணினாள். நூற்று எண்பத்து மூன்றாவது நாள் நேற்றோடு முடிந்துவிட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவர் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தாளைக் காட்டினாள்.

"இப்பவே சொல்லணுமா?" என்று அவளே கேட்டாள். "பிளேன் ஏறிப் போகட்டும். ரெண்டு நாள் கழிச்சு, நல்லபடியா எடுத்துச் சொல்றேன். இன்னிக்குச் சொன்னாலும் அப்புறம் சொன்னாலும் வரி அதேதானே?"

"வரி அதேதான்." அவர் சாதத்தைப் பிசைந்தார். "அப்ப அந்த மனுஷன் இன்னிக்கு எதுக்குப் போறான்?"

அவள் ஃபோனை எடுத்துவிட்டாள்.

மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. நாலாவது தடவை எடுத்தார். பின்னால் விமான நிலையத்தின் அறிவிப்புச் சத்தம்.

"வரிசையில நிக்கறேன் மேடம். கவலைப்படாதீங்க, கிளம்பிட்டேன்." அழுது ஓய்ந்த குரல்.

"சார், நான் தப்பு பண்ணிட்டேன்." வங்கியில் பதினெட்டு வருஷம், இங்கே பதினோரு வருஷம், இந்த வாக்கியத்தை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஏப்ரல் முத்திரைகளைச் சொன்னாள். நேற்றே தாண்டிவிட்டதைச் சொன்னாள். "அந்தப் பக்கத்தை நான் முதல்லயே பார்த்திருக்கணும். வரி கட்டித்தான் ஆகணும் சார். மூணுல ஒரு பங்கு. என் ஃபீஸைத் திருப்பித் தந்துடறேன். அது எந்த மூலைக்கு... எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண், "அடுத்தவர் வாங்க" என்பது கேட்டது. திட்டப்போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மேடம், இன்னிக்கு நான் போனாலும் போகாட்டாலும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான் சார்."

"நிச்சயமா?"

"நாலு தடவை எண்ணிட்டேன்."

"அப்ப நான் அம்மாகிட்ட போகலாம்."

அதைக் கேள்வியாகக் கேட்டாரா, தனக்குள் சொல்லிக்கொண்டாரா என்று அவளுக்குப் புரியவில்லை. "போங்க சார்" என்றாள். அவர் யாரிடமோ, "அந்தப் பெட்டியை எடுத்துக்கறேங்க, நான் போகலை" என்று சொல்லிக்கொண்டே ஃபோனை அணைத்தார். கணவர் ஒரு தம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார்.

அம்மா அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தார்.

பிப்ரவரியில் படிவத்தில் கையெழுத்துப் போடப் பொறியாளர் முதல்முறையாக மாடியேறி வந்தார். அவள் நினைத்ததைவிடச் சின்ன வயது. காது ஓரத்தில் மட்டும் நரை. வீடு வாங்குவது இன்னும் இரண்டு வருஷமாவது தள்ளிப்போகும் என்றார். மனைவி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும் சொன்னார். அவள் ஃபீஸ் பணத்தை ஓர் உறையில் போட்டு நீட்டினாள். அவர் அதைத் தொடவில்லை.

"நீங்க அந்தத் தப்பு பண்ணலைன்னா நான் எப்பக் கிளம்பியிருக்கணும் மேடம்?"

"செவ்வாய்க்கிழமை சார்."

"கிளம்பியிருப்பேன்." மேஜையைப் பார்த்தபடி சொன்னார். "வீட்டுப் பணத்துக்காக அம்மா கையை உதறிட்டுப் போயிருப்பேன். வியாழக்கிழமை போகத்தானே போனேன்? அக்கா என்னை நல்ல பிள்ளைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கா. பணம் போனதை நான் மறந்துடுவேன் மேடம். இதைத்தான் எப்படி மறக்கறதுன்னு தெரியலை."

ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அவரைப் போகச் சொல்லித் தினமும் ஃபோனில் கறாராகப் பேசியது யார் என்று நினைவுக்கு வந்தது. படிவத்தை அவர் பக்கம் திருப்பினாள். உள்நாட்டில் தங்கிய நாட்கள் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"அதை நானே எழுதறேன்" என்று பேனாவை வாங்கினார். இருநூற்று எட்டு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.