வருவதாகச் சொன்ன படக்காரர்

நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், தப்பான தகவல் சொல்லி ஓர் அம்மாளை அழவைத்தேன். சந்தோஷத்தில்தான் அழுதார். அதனால்தான் பிறகு எனக்கு அத்தனை சங்கடம்.

எங்கள் முதலாளி மாதப் பத்திரிகை ஒன்றும் நடத்தினார். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கேமராவோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ப் படம் பிடித்தவர்களைப் பற்றி எழுத ஆசைப்பட்டு, பழைய வாரப் பத்திரிகைக் கட்டுகளை என்னிடம் தந்தார். மத்தியானம் மெஷின் ஓய்ந்ததும் வாசிப்பேன். மஞ்சள் தாளைப் புரட்டப் புரட்ட அச்சகம் மறைந்துவிடும். ஆரல்வாய்மொழிக் காற்றில் கறுப்புத் துணி படபடக்க, ஒரு வண்டி மெதுவாக என்னை நோக்கி வந்துகொண்டே இருக்கும்.

பழைய படம் வைத்திருப்பவர்கள் கொண்டுவரலாம் என்று பத்திரிகையில் போட்டிருந்தோம். பென்ஷன் வாங்கிய பள்ளி ஆசிரியை ஞானம்மாள் அட்டையில் ஒட்டிய ஒரு பழைய படத்தோடு வந்தார். ஒரு பெண், மடியில் குழந்தை. பின்பக்கம் படக்காரர் பெயரும் வடசேரி என்ற ஊரும் வருஷமும்; மாதம் இல்லை.

"பிள்ளை நான்தான், தம்பி. தூக்கி வச்சிருக்கது எங்க அம்மையா, சித்தியான்னு சொல்ல இப்ப ஆளில்ல. நான் மூணு மாசப் பிள்ளையா இருக்கச்ச, பங்குனியில அம்மை செத்துப்போனா. பொறவு ஆனியில அப்பா சித்தியக் கெட்டினாரு."

நான்கு நாளில் பழைய கட்டில் ஒரு விளம்பரம் கிடைத்தது. அதே படக்காரர், அதே வருஷம், மாசியில் வடசேரியில் முகாம். ஓடிப்போய்ச் சொன்னேன்: "உங்க அம்மைதான், வாத்தியாரம்மா!" அவர் படத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதார்.

கட்டுரை கம்போஸ் ஆகும்போது, விட்டுப்போன இதழ்களையும் புரட்டினேன். மாசியில் வரும் வழியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வண்டி கவிழ்ந்து, படம் கழுவும் மருந்துக் குப்பிகள் உடைந்து, படக்காரர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார் என்றிருந்தது. அவர் வடசேரிக்கு வந்தது ஆவணியில். மடியில் இருப்பது நிமிர்ந்து உட்காரும் குழந்தை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

முதலாளியிடம் காட்டினேன். "நீருதான சொன்னீரு? நீரே போயிச் சொல்லும்" என்றார்.

சொன்னேன். ஞானம்மாள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். குழந்தையின் முகம் ஆடிக் கலைந்திருந்தது. அதன் வயிற்றை அணைத்திருந்த விரல்கள் மட்டும் துல்லியமாக விழுந்திருந்தன.

"அந்தக் காலத்துல படம் புடிக்க எவ்வளவு நேரம் ஆவும், தம்பி?"

"பத்து எண்ணுற வரைக்கும் ஆடாம அனங்காம இருக்கணுமாம்."

"சித்தி என்னை மடியில வச்சதா எனக்கு ஓர்மையே இல்ல. நான் கெடந்து துள்ளியிருக்கேன். அவ விடாமப் புடிச்சிருக்கா, பாத்தீரா?" விரலால் அந்தக் கையைத் தடவினார். "சித்தி பேரு தாயம்மா. படத்துக்குக் கீழ அப்படியே போடும்."

போட்டோம். விளம்பரம் என்பது வருவேன் என்ற பேச்சுதான். வந்தாரா என்பதை அடுத்தடுத்த இதழ்களிலும் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் யார் வீட்டுக்கும் ஓடக்கூடாது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.