காய்ந்த காது

செசிலி அத்தையின் மஞ்சள் பையைத் திறந்தால் சில நாள் உப்புத் தடவிக் காயவைத்த தோலின் வாடை வரும். அது ஆட்டுக் காதின் வாடை என்பது பத்து வயதில் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

அத்தை, அப்பாவின் அக்கா. கணவர் இறந்த பிறகு சங்கராபுரத்தில் எங்களோடு இருந்தார். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைத்து ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையைத் தபால் ஆபீசிலும் போடாமல், தம்பி கையிலும் கொடுக்காமல், ஆடுகளாக வாங்கிக் கல்வராயன் மலையில் வெள்ளையன் என்பவரிடம் "வாரத்துக்கு" விட்டிருந்தார். வளர்ப்பது வெள்ளையன், ஈனும் குட்டிகளில் பாதி அத்தைக்கு. அத்தையின் ஆடுகளுக்கு இடக் காதில் இரண்டு வெட்டு இருக்கும். ஆடு செத்தால் வாய்ச்சொல் போதாது, அந்தக் காதை அறுத்துக் காயவைத்துக் காட்ட வேண்டும். வெள்ளையனை அத்தைக்குப் பிடிக்கும். நம்புவது வேறு சங்கதி.

கடைசிக் காலத்தில் ஒரு மாத்திரைக்குக்கூட யார் கையையும் பார்த்து நிற்கக் கூடாது என்பதுதான் அத்தையின் கணக்கு. ஆனால் கண்ணில் புரை விழுந்து, வெட்டு எது, நிழல் எது என்று தெரியாமல் போனதால், ஆட்டை எண்ணுவதற்கு என்னை மலை பஸ்ஸில் அழைத்துப் போனார். நான் இடக் காதுகளைப் பார்த்துப் பதினெட்டு என்று சொன்னேன். அதை வெள்ளையன் சொன்ன எண்ணோடு ஒத்துப் பார்த்துக்கொண்டார்.

அப்பா அப்போது கரும்புக் கொல்லையில் "போர்" போடப் பணம் தேடிக்கொண்டிருந்தார். தேன் மிட்டாய் வாங்கிக் கொடுத்து, "அத்தை மலையில இன்னா வெச்சிருக்கு?" என்றார். சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் ஓர் ஆட்டு வியாபாரியோடு மலை ஏறியவர் வெறுங்கையோடு திரும்பினார். அத்தையின் ஆடுகள் அத்தனையும் நோவில் செத்துப்போனதாக வெள்ளையன் கைகட்டி நின்று சொன்னாராம். தகவல் அப்பாவை எப்படி முந்தியது என்பது இன்றுவரை விளங்கவில்லை. அந்த மலை பஸ்ஸின் கண்டக்டர் மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"பதினெட்டும் ஒரே வாரத்துல சாவுமாக்கா?"

மொச்சை உரித்துக்கொண்டிருந்த அத்தை தலை நிமிரவில்லை. "செத்துப்போச்சுன்னா செத்துப்போச்சுடா. வேணும்னா வெள்ளையன் மேல கேஸ் போடு."

அப்பா என்னைப் பார்த்தார். செத்திருந்தால் பதினெட்டுக் காது வந்திருக்க வேண்டும். ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை நான் காலையிலேயே மோந்து பார்த்திருந்தேன். வெற்றிலை வாசனை மட்டும்தான் இருந்தது. அப்பாவுக்குக் காது விவரம் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை.

மறு வருஷம் புதுச்சேரியில் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. பஸ் செலவு முதல் கறுப்புக் கண்ணாடி வரை அவரே கொடுத்தார். ஏது பணம் என்று கேட்ட அப்பாவிடம், "கர்த்தர் குடுத்தாரு" என்றார். அதன் பிறகு மலைக்குத் தனியாகவே போனார். நானும் வருகிறேன் என்று ஒரு தடவை கேட்டேன். கோபமில்லாமல்தான் சொன்னார்: "எண்ணத் தெரிஞ்ச புள்ளய கூட்டிக்கினு போனது என் தப்புடி."

இப்போது மலையில் வாரத்துக்கு ஆடு பிடிப்பவர்கள் அரிது. வெள்ளையனின் பேரன்கள் பிழைப்புக்குக் கேரளா போய்விட்டார்கள். ஆடுகளின் காதில் வெட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் வில்லை தொங்குகிறது. என் பென்ஷன் போனுக்குள் வருகிறது. மகன் நல்லவன்தான், "பின் நம்பர சொல்லும்மா, நானே பாத்துக்கறேன்" என்று மூன்று தடவை கேட்டுவிட்டான். எனக்கும் புரை விழத் தொடங்கியிருப்பதால், பேங்க் மெசேஜை அவன் மகளிடம்தான் படிக்கக் கொடுக்க வேண்டியிருக்கிறது. போன வாரம் இருப்புத் தொகை இருக்கும் வரியைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு நீட்டினேன்.

"இன்னாத்துக்கு ஆயா மூடிக்கினு கீற?" என்றாள்.

விரலை எடுக்கவில்லை. அவளுக்குப் பத்து வயது. எண்ணத் தெரியும்.