உங்கள் அம்மா விடாத வேலை

ஸ்டெல்லா, ஜோயல்... உங்கள் அம்மா தன் அங்கன்வாடி வேலையைத் தானாக விடவில்லை. விட வைத்தவன் நான். அது திரும்ப அவள் கைக்கு வர இருந்த நாளில், வரவிடாமல் தடுத்தவனும் நான்தான். இந்த இரண்டாவது விஷயம் அவளுக்கு இன்றுவரை தெரியாது.

நான் பத்தாவது வரை படித்தவன். கோவையாக எழுத வராது. ஆனால் வாயால் சொல்லப் போனால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன் என்று என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் ராத்திரி சாப்பாட்டின்போது நடந்ததை நீங்கள் மறந்திருப்பீர்கள். அம்மா பள்ளிக்கூடத்து ஆயா புடவையோடு அப்படியே உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மாற்றக்கூட நேரம் இல்லை அவளுக்கு. ஜோயல், நீதான் கேட்டாய்.

"ஊரே டீச்சர் டீச்சர்னு கூப்டுக்கினு இருந்துச்சு. அத்த வுட்டுட்டு ஆயா வேலைக்குப் போறியே, உனக்கு மூளை கீதாம்மா?"

அம்மா சிரித்தாள். "இருந்தா ஏண்டா உன்னப் பெத்துக்கினு இருக்கப்போறேன்? கொழம்பு ஊத்திக்க."

ஸ்டெல்லா, நீயும் சிரித்தாய். நான் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'டேய், அது அம்மா தப்பு இல்ல' என்று. சொன்னேனா? இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இனி முதலிலிருந்து சொல்கிறேன்.

விழுப்புரத்தில் நான் வேலை பார்த்த லாரி புக்கிங் ஆபீஸ் மூடியது உங்களுக்குத் தெரியாது. மூடிய பிறகும் நான் தினமும் கிளம்பினேன். திண்டிவனம் ஸ்டேஷனில் வண்டியைப் போட்டுவிட்டு, விழுப்புரத்துக்கு ரயில் ஏறினேன். டிபன் பாக்ஸோடுதான். வேறு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னேன். ஸ்டெல்லா, உன் பள்ளிக்கூட பாரத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'கம்ப்யூட்டர் ஆபரேட்டர்' என்று அழகாக எழுதினாய். அப்படி ஒரு கம்பெனி இல்லை.

இருந்தது ஒரு மாடி அறை. கீழே ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் பாஷா பாய், கோட்டக்குப்பத்துக்காரர்; அறையும் அவருடையதுதான். அந்த அறையில் ஒரு மேசை, ஒரு ஃபேன், இரண்டு போன். அந்த போன்களில் நான் சீட்டு ஆடினேன். போக்கர் என்பார்கள். முகம் தெரியாத வெளியூர்க்காரர்களோடு, பணம் வைத்து ஆடுவது.

குடித்துவிட்டு ஆடுகிறவர்களைப் போல என்னை நினைக்காதீர்கள். நான் செய்தது அதைவிட மோசம். நான் அதை வேலையாகவே செய்தேன். பத்து மணிக்கு உட்காருவேன். ஒரு மணிக்குச் சாப்பாடு. நல்ல சீட்டு வரும்வரை வந்ததையெல்லாம் வீசிவிட்டுக் காத்திருப்பேன். காத்திருக்கத் தெரிந்தவன் ஜெயிப்பான் என்பது அந்த ஆட்டத்தின் தன்மை. நானும் ஜெயித்தேன். சில மாதம் நன்றாகவே.

மாதம் பிறந்தால் ஜெயித்த பணத்திலிருந்து ஒரே தொகையை அம்மாவின் கணக்குக்கு அனுப்புவேன். அனுப்பும்போது குறிப்பு எழுத ஒரு கட்டம் வரும் இல்லையா? அதில் 'சம்பளம்' என்று எழுதுவேன். தோற்ற மாதத்திலும் கையிருப்பிலிருந்து எடுத்து அதே தொகை, அதே சொல். அம்மா அந்த மெசேஜைப் பக்கத்து வீட்டில் காட்டியிருக்கிறாள். எழுதி எழுதி, கடைசியில் நானே அதை நம்பிவிட்டேன். சூதாட்டக்காரன் யாராவது தனக்குத் தானே சம்பளம் போட்டுக்கொள்வானா? நான் போட்டுக்கொண்டேன்.

பாஷா பாய்க்கு மட்டும் எல்லாம் தெரியும். டீயோடு மாடிக்கு வருவார்.

"இன்னா அமலு, ஆபீஸ் நடக்குதா?"

"நடக்குது பாய்."

"ஜெயிக்கிறவன் ஒருத்தன், தோக்கிறவன் ஒருத்தன்னு நீ நெனச்சிக்கினு கீற. மூணாவதா கவர்மெண்ட்டுன்னு ஒருத்தன் சீட்ட கையில வெச்சிக்கினு சும்மா குந்திக்கினு கீறான். அவன் இன்னும் எறக்கல."

சிரித்தேன். அவர் சொன்னது மெய்யாகவே நடந்துகொண்டிருந்தது. ஆதார் கேட்டார்கள். பிறகு நம் மாநிலத்தில் நடுராத்திரிக்கு மேல் ஆடக்கூடாது என்றார்கள். 'நான் பகலில் ஆடுகிறவன், எனக்கென்ன' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்கு மாறுதல் வந்தது. பதினைந்து வருடம் நம் ஊர் அங்கன்வாடியில் இருந்தவளை, ஒலக்கூர் வட்டாரத்தின் அந்தக் கோடியில் ஒரு கிராமத்துக்குப் போட்டார்கள். காலையில் ஒரே பஸ். அது போனால் வெயிலில் நடை. ஒரு வாரத்தில் அவள் கால் வீங்கிவிட்டது.

"கொஞ்ச நாள் பல்லக் கடிச்சிக்கினு போறேங்க. அப்புறம் கேட்டு மாத்திக்கலாம்" என்றாள்.

"எதுக்கு இந்தப் பேஜாரு? என் சம்பளம் பத்தாதா?" என்றேன்.

ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். போடுவதற்கு முன் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தாள். அவள் கால் வலிக்காகத்தான் சொல்கிறேன் என்று அப்போது நினைத்தேன். பாதி உண்மை இருக்கலாம்.

மீதியைப் பத்து நாள் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கோயில் பூசைக்குப் போயிருந்தாள். அவள் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. அடித்தது. எடுத்தேன். அவளுடைய மேலதிகாரி, சூப்பர்வைசர் மேடம்.

"ஜெயசீலி இல்லீங்களா?"

"கோயிலுக்குப் போயிருக்காங்க மேடம். நான் அவங்க வீட்டுக்காரர்."

"சார், அவங்க லெட்டர நான் இன்னும் மேல அனுப்பல. மனசு கேக்கல. உங்க ஊருக்குப் பக்கத்துலயே காலனி அங்கன்வாடி சென்டர் காலியாவுது. நாளைக்குள்ள வந்து லெட்டர வாங்கிக்கினு போவச் சொல்லுங்க. அதுக்கு மேல என் கையில இல்ல."

நான் உடனே பதில் சொல்லவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது. யோசித்துத்தான் சொன்னேன்.

"இல்ல மேடம். அவங்க முடிவா கீறாங்க."

"ஒரு வார்த்த அவங்களயே கேளுங்க சார். பதினஞ்சு வருசம்..."

"கேட்டுட்டேன் மேடம்."

வைத்துவிட்டார். அந்த அழைப்பு வந்த தடத்தைப் போனிலிருந்து அழித்தேன்.

ஏன்? நீங்கள் கேட்பீர்கள். அம்மா கேட்டாலும் இதைத்தான் கேட்பாள்.

அன்று காலையில்தான் எங்கள் ஆட்டக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் போட்டிருந்தான், நாடு முழுக்கத் தடை வரப்போகிறது என்று பேச்சு அடிபடுவதாக. நான் படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் அந்த போனில் அப்படிச் சொன்னேன்! பயந்தவன் என்றால் இருக்கிற ஒரு வேலையைக் கெட்டியாகப் பிடித்திருப்பான். எனக்குப் பயம் வேறு மாதிரி வேலை செய்தது. அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தால், நாளைக்கு ஆட்டம் நின்றாலும் குடும்பம் நடக்கும். அப்படியானால் நான் செய்வது வேலையே இல்லை, விளையாட்டு. அவள் வீட்டில் இருந்தால்தான் நான் சம்பாதிக்கிறவன். அந்தப் பெயருக்காக... வெறும் பெயருக்காக, அவளுடைய பதினைந்து வருடத்தை மேசையில் வைத்துவிட்டேன். அவளைக் கேட்காமல்.

கொஞ்ச மாதத்தில் அந்தத் தடைச் சட்டம் வந்தது. மாடி அறையில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். திரையில் ஆட்ட மேசைகள் எதுவும் இல்லை. மீதிப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் அறிவிப்பு மட்டும். அதன் பிறகும் மூன்று வாரம் டிபன் பாக்ஸோடு ரயில் ஏறினேன்.

பாஷா பாய் ஒருநாள் வாசலிலேயே நின்றார். "வாடக வேணாம் அமலு. ஆனா ஃபேன் ஓடுறதப் பாத்துக்கினு குந்திக்கினு இருக்காத. ஜல்தியா வீட்டுல சொல்லிடு."

வீட்டில் சொன்னேன். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று.

அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "அவன் மூடுனா நீங்க இன்னா பண்ணுவீங்க? மொதல்ல சாப்டுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "நான்தான் அவசரப்பட்டு எழுதிக் குடுத்துட்டேன். மேடத்தப் போயி ஒருவாட்டி பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

பார்த்தால் மேடம் அந்த போனைப் பற்றிச் சொல்லிவிடுவார். "எழுதிக் குடுத்துட்டு, போயி கையேந்தி நிக்கப் போறியா? மானம் போயிடும்" என்றேன். என் மானத்தைத்தான் சொன்னேன். அவள் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் திண்டிவனத்தில் தனியார் பள்ளியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். பதினைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள், இப்போது வகுப்பு வாசலில் நின்று கால் கழுவிவிடுகிறாள். உள்ளே வேறு ஒரு பெண் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாள்.

நான் பைபாஸில் பெட்ரோல் பங்கில் நிற்கிறேன். அது உங்களுக்குத் தெரியும். தெரியாதது இது: எங்கள் குழு இன்னும் ஓடுகிறது. கோர்ட்டில் மாறும் என்கிறான் ஒருவன். வெளிநாட்டுக் கம்பெனியில் திருட்டுத்தனமாக ஆடலாம் என்கிறான் இன்னொருவன். நான் எதுவும் எழுதுவதில்லை. ஆனால் குழுவை விட்டு வெளியே வரவும் இல்லை. திரும்பத் திறந்தால் போகமாட்டேன் என்று உங்கள் தலைமேல் கைவைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதையும் மறைத்தால் இவ்வளவு எழுதியதற்கு அர்த்தம் இல்லை.

அம்மாவிடம் முதலில் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? கோழைத்தனம்தான். நீங்கள் கோபப்பட்டால் தாங்கிக்கொள்வேன். அவள் கோபப்படாமல் 'சாப்டுங்க' என்று சொல்லிவிட்டால்... அதைத் தாங்க முடியாது. அவளிடமும் சொல்லத்தான் போகிறேன். எந்த நாள் என்று எழுத இப்போதும் கை வரவில்லை. மன்னிப்பு கேட்கவில்லை. இனி அம்மாவை மூளை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கேட்பதென்றால் என்னைக் கேளுங்கள்.

இதுவரை எழுதி மடித்து வைத்துவிட்டு, நேற்று பங்க் வேலை முடிந்ததும் காலனிப் பக்கம் வண்டியை விட்டேன். லீவு நாள். சென்டர் பூட்டியிருந்தது. தெருவில் யாரும் இல்லை. சுவரில் தகரப் பலகை. அதில் பணியாளர் என்ற சொல்லுக்கு எதிரே ஒரு பெயர், ரோட்டுப் புழுதி படிந்து சரியாகத் தெரியவில்லை. கழுத்துத் துண்டைத் தண்ணீர்ப் பாட்டிலில் நனைத்துத் துடைத்தேன். புழுதி போக இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தது. யாரோ ஒரு தனலட்சுமி. பெயர் முழுசாகத் தெரியும்வரை துடைத்துவிட்டு, வண்டியை எடுத்தேன்.