மழை வேண்டாம் என்று வேண்டியவள்

எபிஃபானியாவுக்கு வாய் நீளம். மிச்சோகான் மலைநாட்டில் அவள் புகுந்த ஊருக்கே இது தெரியும். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே, கோழி திருடியவனை நடுத்தெருவில் நிறுத்தி மானத்தை வாங்கியவள். அப்பேர்ப்பட்டவள் 1943ஆம் வருஷம் வாயைத் திறக்கவே பயந்தாள்.

பிப்ரவரியில் பக்கத்து மக்காச்சோளக் கொல்லையில் உழுத சாலில் ஒரு வெடிப்பு விட்டது. புகைந்தது. மறுநாள் விடிந்தால் அங்கே கூரை உயரத்துக்குக் கருங்கல் குவியல்! வாரம் திரும்புவதற்குள் அது மலை. நெருப்புக் கல்லைத் துப்பித் துப்பித் தன்னைத் தானே கட்டிக்கொண்டது.

"நம்ம ஊர்ப் புள்ளைக்குப் பசி அதிகம்டா, இன்னும் எத்தன கொல்லையத் திங்குமோ!" என்று மலையைக் காட்டி ஆண்கள் கேலி பேசினார்கள். சாம்பல் கொட்டத் தொடங்கியதும் கேலி நின்றது.

ரொட்டியில் சாம்பல், மாட்டின் கண்ணில் சாம்பல். கூரையைப் பெருக்க ஏறிய புருஷன் ஃபெர்மின் வழுக்கி விழுந்து தொடையை முறித்துக்கொண்டான். மேலே பரணில் வருஷத்துக்கான சோளம், அதற்கு நேர் கீழே அவன் படுக்கை. துடைப்பம் எட்டிய மட்டும் இவள் தள்ளினாள். மீதி கூரையிலேயே ஏறிக்கொண்டு போனது.

ஒரு நாள் முற்றத்தில் இருந்த சாம்பல் கூடையைத் தூக்கப் போனாள். பாத்திரம் கழுவின தண்ணீர் அதில் கொட்டியிருந்தது. கூடை அசையவே இல்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். உள்ளே புருஷனிடம் ஓடினாள்.

"யோவ், மழை பேஞ்சா கூரை தாங்காது. வண்டி கொண்டாரச் சொல்லி என் தம்பிக்கு ஆள் அனுப்பியிருக்கேன். வண்டி வந்ததும் கெளம்பிடலாம்."

"மழை பேஞ்சா சாம்பலக் கழுவிட்டுப் போயிடும்டி. ஊரே மழைக்கு நேந்துக்கிட்டுக் கெடக்கு, உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

வண்டி வருவதற்குள், மழை கேட்டுச் சாமியைத் தூக்கிக்கொண்டு ஊர் கிளம்பிவிட்டது. வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் போக வேண்டும். எபிஃபானியா உதட்டால் பாடினாள். உள்ளுக்குள்ளே, 'சாமி, இன்னிக்கு வேணாம். அவரு உள்ள படுத்திருக்காரு' என்று கெஞ்சினாள். தெரிந்தால் ஊர் கல்லால் அடிக்கும்.

முதல் துளி கறுப்பாக விழுந்தது. ஊர் மண்டியிட்டு அழுதது. பக்கத்து வீட்டு ரொமுவால்தா இவளைக் கட்டிக்கொண்டாள். "கேட்டுட்டாருடி சாமி!"

அவள் கையை உதறிவிட்டு எபிஃபானியா ஓடினாள்.

வீட்டில் பரண் முனகிக்கொண்டிருந்தது. ஃபெர்மினைப் பாயோடு சேர்த்துப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, என் காலு! கொட்டுற மழையில கொண்டு போடுறியே, உனக்குப் பேய் கீய் பிடிச்சிருக்கா? உன்னக் கட்டினதுக்கு..."

முற்றத்தின் நடுவே அவனைக் கிடத்திய பிறகும் அவன் திட்டிக்கொண்டிருந்தான். பின்னால் உத்திரம் முறிந்தது. கூரை, பரண், வருஷத்துச் சோளம் அத்தனையும் அவன் படுத்திருந்த இடத்தில் வந்து இறங்கியது.

தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டது. நனைந்த ஜனங்கள் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டே, மழைக்கு ஒதுங்க அவரவர் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். எபிஃபானியா வேலியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். "உள்ள போகாதீங்க! யாரும் உள்ள போகாதீங்க!"

"ஆரம்பிச்சுட்டாய்யா!" என்று சிரித்தபடி ரொமுவால்தா தன் வீட்டுக் கதவில் கை வைத்தாள்.

ஃபெர்மின் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தான். தொண்டை கிழிய, பெண்டாட்டியைவிட உரக்கக் கத்தினான்.

"அவ சொல்றதக் கேளுங்க! உள்ள போகாதீங்க!"